எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்?



சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி நம் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. சம்பளம் என்று வந்தால், "அ, ஆ சொல்லிக்கொடுக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்?" என்பார்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு தருவதன் பெயரே சம்பளமில்லை, மதிப்பூதியம். நம் பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை என்றாலோ, "இதுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்பக் கஷ்டம், வீட்டுச் சூழல் அப்படி" என்பார்கள். பல நேரம் இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான்.

முதல் பேச்சு பொய். பல வருடமாக ஒன்றாம் வகுப்பில் நிற்கிறவள் சொல்கிறேன். 'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்', பிறகுதான் 'எ'. கண்ணுக்கோ கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ' இன்னும் மோசம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளை அங்கே தடுமாறினால் அது எழுத்தின் அமைப்பால் வருகிற தடுமாற்றம். வக்கீல் வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் தடுமாறும். ஆனால் சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்கார வீட்டில் ஆள் உண்டு, இல்லையென்றால் டியூஷன். நம் பிள்ளைக்கு வகுப்பறை மட்டும்தான்.

அந்த வகுப்பறையில் யார் இருக்கிறார்கள்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மிச்சம் ஒருவர். 'கெ'யில் நிற்கும் பிள்ளைக்கு அவரிடம் எத்தனை நிமிடம் மிஞ்சும்?

இரண்டாம் பேச்சில் 'கஷ்டம்' என்பது உண்மை. 'இதுகளுக்கு' என்பதுதான் சாதி. ஒரு பயிற்சியில் ஓர் ஆசிரியர், "காலனிப் பிள்ளைகளுக்கு நாக்கு திரும்பாது, 'ழ' வராது" என்றார். மதியம் அவரே இலையில் "வாளப்பளம்" கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் அங்கேயே அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு எழுதிய ஜோதிராவ் புலே, தொடக்கக் கல்விக்குக் கூடுதல் நிதி, ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம், முறையான பயிற்சி கேட்டார். பிராமண ஆசிரியர்களைவிட உழவர் குடிகளிலிருந்து வருபவர்களே பிள்ளைகளோடு கலந்து பழகுவார்கள், அவர்களுடைய தேவை அறிவார்கள் என்றும் சொன்னார். வேலை கஷ்டம் என்று நிஜமாகவே நம்புகிறவர் கேட்க வேண்டியது இவற்றைத்தான். "இதுகளுக்கு வராது" என்பவர்கள் இதில் ஒன்றையாவது கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளியில் ஜூன் முதல் ஓர் ஆசிரியர் இடம் காலி. என் வகுப்பில் நான்கு பேர் இன்னும் 'கெ'யில் நிற்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை பெற்றோரோடு மனு கொடுக்கப் போகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.