சேதாரத்தில் எழுதாத சேதாரம்

(கோவை செல்வபுரத்தில் பொற்கொல்லர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒருவர் உள்ளர்த்தத்தோடு பேசினால், பொடி வைத்துப் பேசுகிறார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல் நம் பட்டறையில் பிறந்தது. இரண்டு பொன் துண்டுகளைச் சேர்க்க இடையில் பொடி வைத்து ஊதுகிறோம். பொடி இளகி ஓடி, ஒட்டிய இடம் தெரியாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பொடியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன், பொடி வைக்காமல்.

நம் தாத்தாக்கள் வைத்த பொடியில் பொன்னோடு செம்பும் வெள்ளியும் இருந்தன. பற்று உறுதியாக இருக்கும், ஆனால் ஒட்டுக்கு ஒட்டு மாற்று குறையும். 22 காரட் என்று வாங்கிய சங்கிலியை உருக்கினால் 22 நிற்காது. கடையில் சண்டை வரும், பழி ஆசாரி தலையில் விழும். அந்தச் சண்டைக்குத் தீர்வாக வந்ததுதான் காட்மியம். 92 பங்கு பொன்னுக்கு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி. ஊதும் சூட்டிலேயே காட்மியம் புகைந்து போய்விடும், பொன் நிற்கும், மாற்று குறையாது. 'கே.டி.எம். நகை' என்று கடைப்பலகையில் எழுதினார்கள். சுத்தத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. கல்யாணத்துக்கு நகை எடுக்க வருகிறவர்கள் இன்றைக்கும் '916 கே.டி.எம். கொடுங்க' என்று கேட்கிறார்கள்.

புகைந்து போய்விடும் என்றார்களே, எங்கே போயிற்று என்று யாராவது கேட்டார்களா?

பொன் உருக 1064 டிகிரி வேண்டும். காட்மியம் 321 டிகிரியிலேயே உருகிவிடும், 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைத் தொட்டதும் பழுப்புப் புகையாகிறது. சங்கிலி வேலை செய்கிறவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். வெங்காரத்தைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகை நுனியால் வளையத்தில் தொட்டு வைப்பார். கடுகில் பாதி அளவு பொடி. ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரைச் சாய்ப்பார். முகத்துக்கும் சுடருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ஊதி முடித்ததும் மூச்சை இழுக்க வேண்டுமே, அப்போது அந்தப் புகைக்கு நேர் எதிரே இருப்பது அவர் மூக்குதான். ஒரு சங்கிலியில் எத்தனை வளையம், ஒரு நாளில் எத்தனை சங்கிலி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்விசிறி ஓடாது, ஓடினால் சுடர் ஆடும். சன்னல் திறக்காது, திறந்தால் பொன் தூள் பறக்கும். அந்தத் தூளுக்குக் கணக்கு உண்டு. பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட விலை கொடுத்து வாங்கி, அரித்துப் பொன் எடுக்கிறார்கள். குன்றிமணியில் ஒரு பங்கு பொன் வெளியே போகக் கூடாது என்று அடைத்த சன்னல், நஞ்சையும் வெளியே விடாமல் உள்ளே அடைத்தது. பில்லில் செய்கூலி எழுதுகிறார்கள், சேதாரம் எழுதுகிறார்கள். அதில் எந்த வரியில் அந்த மனிதரின் நுரையீரல் இருக்கிறது?

இந்தப் புகை குடித்த உடனே ஆளைப் பிடிக்காது. பட்டறையில் தொண்டை லேசாகக் கரகரக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு குளிர், காய்ச்சல், நெஞ்சடைப்பு, இருமல். ஃப்ளூ காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொள்வார்கள். புகை கொஞ்சமாக இருந்தால் தப்பிக்கலாம், அதிகமானால் நுரையீரல் வீங்கி நீர் கட்டும். 1960களில் இங்கிலாந்தில் செவர்ன் பாலத்துக் கட்டுமானத்தில் இரும்புச் சட்டத்தைத் தீச்சுடரால் அறுத்துப் பிரித்த 5 தொழிலாளிகள் இப்படித்தான் விழுந்தார்கள். அதில் இருந்த போல்ட்டுகளுக்குக் காட்மியம் பூசியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. சில நாளில் ஒருவர் இறந்துபோனார்.  நம் பட்டறையோ பத்துக்குப் பத்து அறை.

மெல்லக் கொல்வது இன்னொரு கணக்கு. மூச்சில் போன காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். 'நான் அந்த வேலையை விட்டுப் பத்து வருஷமாச்சு' என்று சொல்லும் அண்ணன்மார்களே, அது உங்களை விடவில்லை. சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடும், பிறகு எலும்பின் சத்தும் கரையும். ஜப்பானில் தொயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்ட பெண்களுக்கு, இருமினாலே எலும்பு முறிந்தது. அவர்கள் கதறிய சொல்லையே அந்த நோய்க்குப் பெயராக வைத்தார்கள். 'இத்தாய் இத்தாய்' என்றால் வலிக்குதே, வலிக்குதே. 1968இல் ஜப்பான் அரசு காட்மியம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டது. 1993இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் வரிசையில் வைத்தது.

யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று எவரும் சொல்ல வேண்டாம். சுவீடனில் பேட்டரித் தொழிற்சாலைத் தொழிலாளிகளைச் சோதித்து, நுரையீரலும் சிறுநீரகமும் கெடுவதை லார்ஸ் ஃப்ரிபெர்க் என்ற மருத்துவர் 1950இலேயே எழுதி வைத்துவிட்டார். கே.டி.எம். என்ற மூன்றெழுத்து நம் ஊர்க் கடைப்பலகையில் ஏறியது அதற்கு வெகு காலம் பிறகு. தெரிந்தேதான் இந்தப் பொடி நம் கைக்கு வந்தது.

என் அப்பா கம்மல் வேலைக்காரர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஐம்பது வயதில் மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவார். கடைசியில் சிறுநீரகம் போயிற்று. மருத்துவமனைச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டு நெருப்பின் முன் உட்கார்ந்தவரை, என்ன கூலி, எதை ஊதினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. காட்மியம்தான் அவரைக் கொன்றது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. சோதிக்காததால்தான் சான்று இல்லை. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700இல் தொழில்நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் 'நீ என்ன தொழில் செய்கிறாய்' என்று மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்றார். பொன்முலாம் பூசுகிறவர்களைப் பாதரசப் புகை படுத்திய பாட்டையும் எழுதினார். 300 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நம்மை இன்னும் யாரும் கேட்கவில்லை.

'முகமூடி கட்டிக்கொள்ள வேண்டியதுதானே' என்கிறார்கள். துணி தூசியைத் தடுக்கும், இந்தப் புகை அதற்குள் நுழைந்து போகும். வாயில் ஊதுகுழலை வைத்திருப்பவர் முகமூடியை எங்கே கட்டுவது? புகையைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயும் விசிறியும்தான் வேண்டும். 'அவன் பீடி குடிச்சான், அதான்' என்கிறார்கள். புகையிலைச் செடியும் மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது என்பது உண்மை. அப்படியானால் பீடி குடிப்பவருக்கு இரட்டைச் சுமை. பட்டறைப் புகையிலிருந்து அவரை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்?

'ஹால்மார்க் வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது' என்றும் சொல்கிறார்கள். 2000இல் தொடங்கிய முத்திரை 2021 ஜூனில் பல மாவட்டங்களில் கட்டாயமானது. காட்மிய ஒட்டுக்கு அதில் இடமில்லை. பல பட்டறைகள் துத்தநாகத்துக்கு மாறிவிட்டன. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அந்த முத்திரை வாங்குகிறவரின் பொன்னைக் காக்க வந்தது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்கு உட்பட்ட கடைக்கு அதில் விலக்கு உண்டு. நகையை இயந்திரத்தில் வைத்து மாற்று பார்க்கிறார்கள், அதைச் செய்த அறையின் காற்றைப் பார்க்க ஒரு கருவியும் வரவில்லை. இத்தனை ஆண்டு அந்தப் புகையைக் குடித்தவர்கள் இங்கே என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எந்த முத்திரை?

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் உள்ளே வந்தது. நம் பட்டறையில் நான்கு பேர், ஐந்து பேர். 2020இல் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கியது. அறிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் என்று பழைய சட்டம் போட்ட பட்டியலில் ஈயம், பாதரசம், மாங்கனீசு எல்லாம் இருந்தன, காட்மியத்தின் பெயர் இல்லை. இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போனால், உங்கள் முதலாளி யார் என்று கேட்பார்கள். கடைக்காரர், நான் பொன் கொடுத்தேன், நகை வாங்கினேன் என்பார். பட்டறைக்காரர், நானும் கூலிக்குத்தான் செய்தேன் என்பார். பொன்னை எடை போட்டுக் கொடுத்ததற்கு மில்லிகிராம் வரை சீட்டு உண்டு, ஆளுக்குச் சீட்டு இல்லை.

எவர் பொன் கொடுத்து வேலை வாங்குகிறாரோ, அவரே உறிஞ்சுகுழாய்க்கும் பொறுப்பு, நோய்க்கும் பொறுப்பு. அரசு அதைச் சட்டமாக எழுத வேண்டும். அதுவரை கடைக்காரர்கள் தரும் ஒவ்வொரு ஆர்டரிலும் அதை எழுதி வாங்குவோம். நல வாரியத்தில் பதிவு செய்த ஒவ்வொரு பொற்கொல்லருக்கும் அரசு மருத்துவமனையில் இலவசப் பரிசோதனை வேண்டும். அதிலும் சாதாரண சிறுநீர்ச் சோதனை போதாது. குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனையில் காட்மியத்தால் கசியும் சிறு புரதம் சிக்காது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் காட்மியம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். இரண்டு பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் பெயரையும், எத்தனை ஆண்டு ஊதினீர்கள், என்ன பொடி வைத்தீர்கள், பட்டறையில் சன்னல் உண்டா என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். கணவர் ஊத, பக்கத்தில் உட்கார்ந்து பொடி வைத்துக் கொடுத்த அம்மாக்கள் தங்கள் பெயரைத் தனியாகக் கொடுங்கள். தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுத வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.