கண்மாய்க்கு மறுகால், ரன்வேக்கு வெற்றிடம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மலருக்காக எழுதித் தரும்போது பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏர்போர்ட்டுல வேலை பார்த்தவரு, அதைப் பத்தியே பேசுங்க" என்றார். நான் விமானம் ஓட்டியவன் இல்லை. விமானம் இறங்குகிற தரையைப் போட்டவன். சேத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இந்தக் கல்லூரியில் சிவில் டிப்ளமோ படித்து, விமான நிலையங்களின் கட்டுமானப் பிரிவில் சேர்ந்து, பல மாநிலங்களைச் சுற்றி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது மண், தார், வடிகால். அதைத்தான் பேசப் போகிறேன்.

என்னோடு படித்தவர்களுக்கு சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கும். சேத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் டம்பி லெவலை நிறுத்தி, வெயிலில் செயின் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் வாத்தியார் கலுங்கைக் காட்டி, "கண்மாய் கட்டினவன் புத்திசாலியான்னு கரையைப் பார்த்துச் சொல்லாதே. மறுகாலுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்றார். அன்றைக்கு அது பரீட்சைக்கு வராத விஷயம் என்று விட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது கடைசியில் அந்த ஒரு வாக்கியம்தான்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்தில், வடக்கே ஒரு சிறு விமான நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரே ஒரு ரன்வே, வாரத்துக்கு மூன்று விமானம். புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போடுகிற வேலை எனக்கு வந்தது. ரன்வேக்கு இணையாக, பிற்காலத்தில் டாக்ஸிவே ஒன்று வரலாம் என்று பென்சிலால் புள்ளிக்கோடு போட்டு, கட்டடத்தை அதற்கும் பின்னால் தள்ளி வைத்தேன். அணுகுசாலை நீளம் கூடுகிறது, செலவு ஏறுகிறது என்றார்கள். "இந்த ஊருக்கு யாரப்பா வரப்போறா? கட்டடத்தை முன்னாடி கொண்டா" என்றார் ஒருவர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அழிரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தேன்.

இணையான டாக்ஸிவே இல்லாவிட்டால் என்ன ஆகும்? இறங்குகிற விமானம் ரன்வே முனை வரை ஓடி, அங்கே திரும்பி, வந்த ரன்வேயிலேயே ஊர்ந்து வர வேண்டும். அது வெளியேறும் வரைக்கும் வேறு விமானம் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. ஒற்றைத் தண்டவாளத்தில் கிராசிங்குக்கு ரயில் காத்துக் கிடப்பதை நாம் பார்க்காததா! ரயிலாவது ஸ்டேஷனில் நிற்கும். விமானம் ஆகாயத்தில் நிற்க முடியாது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருபது வருஷம் கழித்து அதே இடத்துக்கு மாற்றலாகிப் போனேன். நிலையம் வளர்ந்திருந்தது. தினமும் பயணிகள் விமானம், பயிற்சிக்கென்று குட்டி விமானங்கள், தனியார் விமானங்கள். ஒரு நாள் நோயாளியை ஏற்றிப் போக வந்த விமானம் மேலே வட்டமடிக்கிறது. கீழே பயிற்சி விமானம் ஒன்று ரன்வேயில் திரும்பி மெதுவாக வருகிறது. அதற்குப் பின்னால் புறப்படத் தயாராகப் பயணிகள் விமானம். ஆம்புலன்ஸ் கேட்டருகே நிற்கிறது. பதினோரு நிமிஷம். அன்றைக்கு விபரீதம் எதுவும் நடக்கவில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு என்னுடைய அழிரப்பரும் ஒரு காரணம் என்பது அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்ஸிவே போட வேண்டிய இடத்தில், நான் வரைந்த கட்டடம் நன்றாகவே நின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். வளர்கிற சிறு நிலையத்தில் எதைக் கட்டினோம் என்பதைவிட எதைக் கட்டாமல் விட்டோம் என்பதுதான் பெரிசு. பக்கத்தில் விடணும், முனையில் விடணும், மேலே விடணும், கீழேயும் விடணும். பக்கத்தைச் சொல்லிவிட்டேன். மற்ற மூன்றையும் பார்ப்போம்.

முனை. ரன்வே முடிகிற இடத்தோடு தரை முடிந்துவிடக் கூடாது. தவறிப்போய் விமானம் தாண்டி ஓடினால் சேதம் குறைய, அதற்கப்பால் சமதளம் வேண்டும். மங்களூரில் 2010 மே 22-ல் 158 பேர், கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7-ல் 21 பேர் இறந்தார்கள். இரண்டுமே மேட்டின் மேல் அமைந்த நிலையங்கள். விமானம் இறக்கப்பட்ட விதத்தில் தவறு இருந்தது என்றுதான் விசாரணைகள் சொல்லின. ஆனால் தவறு செய்த விமானத்துக்குக் காத்திருந்தது சமதளம் இல்லை, பள்ளம். மனுஷன் தப்பு செய்வான் என்று எண்ணித்தான் திட்டம் போட வேண்டும்.

மேலே. முறைப்படி கருவிகளின் உதவியோடு இறங்குகிற ரன்வேயின் முனையிலிருந்து, 50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் வீதம் ஆகாயத்தில் ஒரு சரிவு கணக்கிடுவார்கள். அந்தச் சரிவைத் தாண்டி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 40 மீட்டர் செல்போன் டவர் என்றால் 2 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 100 மீட்டர் காற்றாலை என்றால் 5 கிலோமீட்டர். கயத்தாறு பக்கம் போனவர்களுக்கு நான் ஏன் காற்றாலையைச் சொல்கிறேன் என்று புரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற மேல்காற்று குற்றாலத்தில் சாரலாகும், கயத்தாறில் மின்சாரமாகும். விமானம் எதிர்காற்றில்தான் ஏறணும், எதிர்காற்றில்தான் இறங்கணும். அதனால் நம் பக்கத்தில் ரன்வேயைக் கிழமேலாகப் போடுவது பொருத்தம். தூத்துக்குடி ரன்வே அப்படித்தான் இருக்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ராஜபாளையத்துக்கு ஒரு ஏர்போர்ட் கொண்டாரக் கூடாதா?" என்று காலையிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். மேற்கே மலையை வைத்துக்கொண்டு, காற்றும் மேற்கிலிருந்து வரும்போது, அந்த 50-க்கு 1 சரிவை எங்கே கொண்டுபோய் வைப்பது? மதுரை இருக்கிறது, தூத்துக்குடி இருக்கிறது. அந்த ஊர்களுக்கு நல்ல ரோடும் நேரத்துக்கு ரயிலும் கேளுங்கள், போதும்.

கீழே. முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்தபோது, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் அய்யாவுக்கு விளக்கினேன். கண்மாய்ப் பாசனத்தில் நெல் போட்டவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏப்பா, அம்புட்டுத் தூரம் தார் போட்டா, பெய்யிற தண்ணி எங்கிட்டுப் போகும்?" சிரித்துவிட்டேன். சிரிக்கிற கேள்வி இல்லை அது. இன்றைய தூத்துக்குடி ரன்வே 3,115 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். 1 செ.மீ. மழை பெய்தால் ரன்வே மேல் மட்டும் 14 லட்சம் லிட்டர் தண்ணீர். மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இனி ஓடித்தான் தீரும். பழைய ஓடையை மூடிவிட்டால், அது பக்கத்துக்காரன் நிலத்தைத் தேடிப் போகும். சென்னையில் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் நீல மசியில் ஓடையைத் தேடுவது என் வழக்கமாகிவிட்டது. அது அய்யா கற்றுக்கொடுத்த பாடம்.

இப்போது நம் பக்கத்து உதாரணம். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் 1992-ல் திறக்கப்பட்டபோது ரன்வே 1,350 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானங்களுக்குத்தான் அது போதும். அதிலும் வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடும், ஏறுவதற்குக் கூடுதல் தூரம் வேண்டும், சில சமயம் சுமையைக் குறைக்க வேண்டியிருக்கும். நடுவில் பல வருஷம் பயணிகள் சேவை இல்லாமல் கிடந்து, 2006-ல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் உயிர் வந்தது. பிறகு கூடுதல் நிலம் எடுத்து, ரன்வேயை நீட்டி, சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் 17,340 சதுர மீட்டரில் புது முனையமும் கட்டி, 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்து வைத்தார். சுற்றிலும் இடம் இருந்ததால் இது நடந்தது. சுற்றிலும் வீடு வந்திருந்தால்?

சேலம் இன்னொரு பாடம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993-ல் திறந்த நிலையம். 1,806 மீட்டர் ரன்வே. சேவை வரும், நிற்கும், மறுபடி வரும். 2018-ல் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வந்தன. 2022-ல் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய நிலையங்களில் சேலமும் ஒன்று. சிறு நிலையத்துக்குப் பயிற்சிப் பள்ளி நல்ல துணை. பயணிகள் விமானம் வராத நாளிலும் ரன்வே சும்மா கிடக்காது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். ஒரு மாணவன் ஒரே ரன்வேயில் எத்தனை நூறு தடவை இறங்கி ஏறுவான், நினைத்துப் பாருங்கள்! ஆகவே டாக்ஸிவே, எரிபொருள் கிடங்கு, ஹேங்கர், குட்டி விமானம் காற்றில் புரண்டுவிடாமல் முளையில் மாடு கட்டுவதுபோல் கட்டிவைக்கத் தரையில் பதித்த வளையம், எல்லாம் முதல் வரைபடத்திலேயே வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இதே யோசனை நமக்குப் பக்கத்தில் கோவில்பட்டிக்கும் வந்திருக்கிறது. அங்குள்ள பழைய சிறு ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்தது. போர்க்காலத்தில் போட்ட ஓடுதளங்கள் நம் மாநிலத்தில் பல உண்டு. சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓடியது. தஞ்சாவூர் 2013-ல் விமானப்படைத் தளமாக உயர்ந்தது. ஓர் ஓடுதளத்தின் தலையெழுத்து அதைச் சுற்றி நாம் என்ன விட்டுவைத்தோம் என்பதில்தான் பெருமளவு இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. நான் "வெற்றிடம்" என்று சொல்வது ஒருவனுடைய வயல். சேலத்தில் 2018-ல் விரிவாக்கத்துக்கு நிலம் கேட்டபோது விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். கண்மாய்ப் பாசனத்தில் பிறந்த எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. இருபது வருஷம் கழித்து வரப்போகிற விமானத்துக்காக இன்றைக்கு விளைகிற பூமியைப் பிடுங்கித் தரிசாகப் போடுவது நியாயமா? என் அனுபவத்தில் எல்லா இடத்தையும் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ரன்வேயும் அதன் ஓரமும் முனையும் வாங்கியே ஆக வேண்டும். அதற்கப்பால் உயரக் கட்டடம் வராமல் நகரமைப்புத் திட்டத்தில் கட்டுப்பாடு வைத்தால் போதும், உளுந்தும் பருத்தியும் விளையட்டும். சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டக் கூடாது என்பதும் விதிதான். குப்பைக்குப் பறவை வரும், பறவை இன்ஜினுக்குள் போகும். பஞ்சாயத்து ஒழுங்காகக் குப்பை அள்ளினால் அதுவே விமானப் பாதுகாப்பு. வாங்குகிற இடத்துக்கு நல்ல விலையை நேரத்தில் கொடுக்க வேண்டும். எது எப்போது தேவைப்படும் என்பதை வரைபடத்தை விரித்து வைத்து, ஊர்க்கூட்டத்தில் தமிழில் சொல்ல வேண்டும். நிலம் கொடுப்பவனுக்கு முதல் நாளே தெரியாத திட்டம் நல்ல திட்டம் இல்லை.

மாணவச் செல்வங்களே, பயிற்சிப் பள்ளி வந்தால் பைலட் வேலை மட்டுமில்லை. விளக்கு வரிசைக்கு எலக்ட்ரிகல் படித்தவன் வேண்டும், இன்ஜினுக்கு மெக்கானிக் வேண்டும், தீயணைப்பு, வானிலை, வடிகால் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நீங்கள் போவீர்கள். போனால் என்றைக்காவது ஒரு நாள் உங்கள் மேஜைக்கும் ஒரு வரைபடம் வரும். "இங்கே யார் வரப்போறா" என்று சொல்ல ஒருவர் இருப்பார். நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தாலும் ஒருவேளை கோட்டை அழிக்கத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கோப்பில் ஒரு குறிப்பாவது இருந்திருக்கும். எனக்குப் பிறகு வந்தவன் அதைப் படித்திருப்பான். நீங்கள் மரியாதையோடு சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுதி வையுங்கள்.

இன்று மதியம் சேத்தூர் போய் அந்தக் கண்மாய்க் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கலுங்கு அப்படியேதான் இருக்கிறது. மறுகால் ஓடையில் மட்டும் இரண்டு பக்கமும் கட்டடம் நெருங்கியிருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. "இங்கே எங்கே தண்ணி வரப்போகுது" என்று நினைத்திருப்பார்கள். தாசில்தாருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் என்னைப் பாருங்கள்.