அளவோடு பெற்றோம், அதற்கோ ஒறுப்பு?

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்கள் பெருகும் விரைவுக்கு விளைச்சல் பெருகாது; எனவே பசி தவிர்க்க முடியாதது என்று 1798-இல் எழுதினார் ஆங்கில அறிஞர் மால்தசு. இன்றும் அதனையே கூறுவோர் உளர். கணக்கைப் பார்ப்போம். 1951-இல் இந்திய மக்கள்தொகை 36 கோடி. 2011-இல் 121 கோடி. பெருக்கம் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதே காலத்தில் கூல விளைச்சலோ 5 கோடி டன்னிலிருந்து 25 கோடி டன்னுக்கு மேல் உயர்ந்தது. விளைச்சல் மக்கள்தொகையை முந்திவிட்டது. ஆயினும் பசி ஒழிந்ததா?

1943-இல் வங்கத்தில் இருபது இலக்கத்திற்கும் மேற்பட்டோர் பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர். போர்க்காலச் செலவால் அரிசி விலை ஏறியது. உழவுத் தொழிலாளியின் கூலி ஏறவில்லை. களத்தில் நெல் விளைந்தும் வாங்கக் கையில் காசில்லை. இதனை 1981-இல் விளக்கிக் காட்டினார் பொருளியலறிஞர் அமர்த்தியா சென். பசிக்கு முதற்காரணம் பிள்ளைப் பெருக்கமன்று. பங்கீட்டில் உள்ள கொடுமையே!

அதற்காக, எத்தனை பிள்ளைகளையும் பெறலாம் என்று கூற வந்தேனல்லேன். நிலம் வளராது, நிலத்தடி நீரோ வற்றுகின்றது. பிறப்பு அளவோடிருத்தல் வேண்டும். அதற்கு வழி யாது என்பதே வினா.

வன்முறையே வழியென்று கருதியது நெருக்கடிநிலைக் கால நடுவணரசு. 1976-77 ஆகிய ஓராண்டில் மட்டும் 80 இலக்கத்திற்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை நடந்தது. வடபுலத்தில் ஏழைகள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். 1977 தேர்தலில் மக்கள் அதற்கு விடையிறுத்தனர்.

தமிழகம் வேறு வழி கண்டது. 1952-இல் நடுவணரசு குடும்பநலத் திட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன்பே, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டுமென்று எழுதினார் தந்தை பெரியார். காமராசர் பள்ளியில் பகலுணவு அளித்தார், 1982-இல் ம.கோ.இராமச்சந்திரனார் அதனை விரிவாக்கினார். பெண்பிள்ளைகள் கற்றனர். 1971-இல் இங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் மாண்டவை 113, 2020-இல் 13. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி வந்தபின், எந்தத் தாய் பத்துப் பிள்ளை பெறுவாள்? 1971-இல் ஒரு பெண்ணுக்கு நான்கு என்றிருந்த பிள்ளைப்பேறு, 2019-21 கணக்கெடுப்பில் 1.8 ஆயிற்று. அதே கணக்கெடுப்பில் பீகாரில் அது 3.

இதற்கு நமக்குக் கிடைத்த பரிசு யாது? 1962-இல் நாடாளுமன்றத்தில் நமக்கு 41 இடங்கள், 1967-இல் 39! மக்கள்தொகை விகிதம் குறைந்ததென்று இரண்டைப் பறித்தனர். 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி இடங்களை நிறுத்தி வைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதற் கணக்கெடுப்பு வரை அதனை நீட்டியது. தலையெண்ணி மட்டுமே இடம் பகிர்ந்தால், சொன்னதைச் செய்தவன் குரல் இழப்பான், செய்யாதவன் ஆளுவான். இது நயன்மையா?

உடனே, "மேலும் பெறுங்கள்" என்கின்றனர் நம்மவருள் சிலர். தோழர்களே, இதனை நான் கடுமையாக மறுக்கின்றேன். இடங்களின் எண்ணிக்கைக்காகத் தமிழ்ப்பெண்ணை மீண்டும் பேற்றறைக்குள் அடைப்பதோ தமிழ்த்தேசியம்? "பதினாறும் பெற்று" என்ற வாழ்த்தில் நம் முன்னோர் குறித்தவை பதினாறு பேறுகள். பதினாறு பிள்ளைகள் அல்ல. அன்று அறுவைக் கத்தியால் பெண்ணின் உடலை ஆள முயன்றது தில்லி. இன்று வாக்குக் கணக்கால் நாம் ஆள்வதோ?

நம் கோரிக்கை நேரானது. மக்கள்தொகையைக் குறைத்த மாநிலத்தின் இடப்பங்கு ஒரு விழுக்காடும் குறையலாகாது. வடபுலத்துப் பெண்ணுக்கும் பள்ளியும், மருத்துவமும், வயிறார உணவும் வேண்டும். அவளும் நம் உடன்பிறந்தாளே. அவள் கற்றால் அங்கும் பிறப்புக் குறையும்; பீகாரிலும் அது குறைந்தே வருகின்றது.

இக் கருத்தை ஊர்தோறும் எடுத்துச் செல்லுங்கள். தமிழர் பங்கைக் காப்போம். தமிழ்ப்பெண்ணின் உரிமையையும் காப்போம். இரண்டில் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கோம்!

வெல்க தமிழ்!