கணினியில் தமிழ் எழுதத் தொடங்குவோர்க்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இராமகிருஷ்ணபுரத்திலும் தில்லியின் பிற குடியிருப்புகளிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கணினி இடம்பெற்றுவிட்டது. ஆயினும், அதில் தமிழ் எழுதுவோர் எத்தனை பேர்? பணி ஓய்வு பெற்ற பெரியவர் தம் நினைவுகளை எழுத விழைகின்றார். பாட்டியார் தம் கைப்பக்குவங்களைக் குறித்துவைக்க விரும்புகின்றார். இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பேரப்பிள்ளை தன் பெயரைத் தமிழில் காண ஆசைப்படுகின்றது. இம்மூவரும் எக்கருவியில் தொடங்குவது?

எழுத்தை உள்ளிடவும் திருத்தவும் சேமிக்கவும் உதவும் மென்பொருளை உரைத்தொகுப்பி என்கின்றோம். அலுவலகங்களில் வழங்கும் ‘வேர்டு’ போன்றவை எழுத்தின் நிறம், வடிவு, பக்க அமைப்பு, அட்டவணை யாவற்றையும் சுமந்து நிற்பன. நீந்தப் பழகுவோர்க்குக் கடல் எதற்கு? குளமே போதும். விண்டோசில் உள்ள ‘நோட்பேட்’ அத்தகைய குளமாகும். மக்கின்டாஷில் உள்ள ‘டெக்ஸ்ட்எடிட்’டையும் வெற்றுரை முறைக்கு மாற்றிக்கொண்டால், அதுவும் அவ்வாறே பயன்படும்.

எளிமை ஒன்றே போதுமா? போதாது. எழுதியது நிலைக்க வேண்டும். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கென ஓரிடம் வகுத்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதனை ஏற்றது.

ஆயினும், 2019 வரை நோட்பேட் வழக்கமாகச் சேமித்த ‘ஆன்சி’ முறையில் தமிழுக்கு இடமில்லை. கணினி தந்த எச்சரிக்கையைப் படியாமல் இசைவு தந்தவரின் கோப்பில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாயின. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றிகளின் துணையால் மீட்கலாம். கேள்விக்குறியாகிவிட்ட எழுத்தை அக்கோப்பிலிருந்து எவராலும் மீட்க இயலாது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேட் தானாகவே யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கின்றது. அதற்கு முற்பட்ட கணினி உடையோர், ‘சேவ் ஆஸ்’ சாளரத்தின் அடியில் உள்ள ‘என்கோடிங்’ கட்டத்தில் யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தொடங்குவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

கருவிகள் வரும், போகும். 1995-இல் விண்டோசுடன் வந்த ‘வேர்டுபேட்’, 2024-இல் வெளியான விண்டோஸ் 11 பதிப்பில் நீக்கப்பட்டது. யூ.டி.எஃப்.-8 முறையில் அமைந்த வெற்றுரைக் கோப்போ ஒரு மென்பொருளை மட்டும் நம்பி வாழ்வதன்று. ஒன்று மறைந்தாலும் மற்றொன்று அதனைத் திறக்கும். ஆகவே, கருவியின் பெயரைக் காட்டிலும் கோப்பின் தன்மையையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும்.

இனி விசைப்பலகை. 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற ‘தமிழ்99’ நம் நெடுங்கணக்கை ஒட்டியது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளி தானே அமையும். எழுத்தறிந்த முதியோர்க்கு இஃது எளிது. எழுத்தறியாத குழந்தைக்கோ உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதைக் கண்ணெதிரே காட்டும் பாடமாகும். எழுதும்போது பின்னழிப்பு விசையை அழுத்தினால் ‘கி’ என்பது ‘க’ ஆகும். இது பழுதன்று, உயிர்க்குறி மட்டும் நீங்குகின்றது என அறிக.

அன்பர்களே! மூன்றனைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். திறந்தவுடன் எழுத முடிகின்றதா? தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா? சேமித்த கோப்பு வேறொரு கணினியிலும் அவ்வாறே திறக்கின்றதா? மூன்றற்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தால் அதுவே உங்களுக்கு ஏற்றது. இவ்வாரமே இல்லந்தோறும் ஒரு பக்கம் எழுதுவோம். பெரியோர் சொல்லைத் தரட்டும். பிள்ளைகள் விசையைத் தட்டட்டும். எழுதியதை ஈரிடங்களில் சேமித்து வைப்போம். ஊர்விட்டு வந்த நாம் நம் பிள்ளைகட்கு விட்டுச்செல்லும் உடைமைகளுள் அவ்வொரு பக்கமும் ஒன்றாகுக!