நிறம் மாறிய தபால் தலைகள்

நிறம் மாறிய பழைய தபால் தலையைக் கண்டவுடன் அபூர்வப் பதிப்பென்று மகிழ்வோர் உண்டு. மாற்றத்தின் காரணத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

1841-இல் வெளிவந்த பிரிட்டனின் சிவப்புப் பென்னித் தலைகள் பலவற்றில் தாளே நீலம் பாய்ந்திருக்கும். மையில் கலந்த பொட்டாஷ் புரூசியேட் என்னும் உப்பின் விளைவு அது. ஈயம் கலந்த ஆரஞ்சு நிற மையோ, காற்றிலுள்ள கந்தக வாயுவினால் கறுத்துவிடும்.

1883-84-இல் அந்நாடு வெளியிட்ட பச்சைத் தலையொன்றை, உறையினின்று பிரிக்க நான் நீரில் இட்டேன். பச்சை வெளிறி மஞ்சளாயிற்று. முத்திரையைக் கழுவி, தலையை மீண்டும் பயன்படுத்துவோரைத் தடுக்கவே கரையும் மையால் அச்சிட்டிருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். வெளிறிய அத்தலை என் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. புதிதாக ஒன்றை நீரில் இடுமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.