கடலற்ற நாடும் நாகப்பட்டினத்துக் கோட்டையும்

கடற்காற்று எட்டாத தருமபுரியில் இருந்துகொண்டு நாகப்பட்டினத்துத் துறைமுகத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், 1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெருஞ்சேனை, அந்நாளில் அவர் ஆட்சிக்குட்பட்டிருந்த நமது பாராமகால் பக்கத்திலிருந்து செங்கம் கணவாய் வழியே இறங்கி ஆர்க்காட்டுச் சமவெளியில் பரவிய நாள்முதல், அந்தத் துறைமுகத்தின் கதி நம் சரித்திரத்தோடும் சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

ஹைதரிடம் குதிரைப்படை இருந்தது, பீரங்கிகள் இருந்தன. ஆங்கிலேயரைக் கடலில் எதிர்க்கவல்ல கப்பற்படை மட்டும் இல்லை. வங்காளத்திலிருந்து பணமும் ஐரோப்பியத் துருப்புகளும் தளபதி அயர் கூட்டும் கடல்மார்க்கமாகச் சென்னைக்கு வந்து சேர முடிந்ததால், அவர் எத்தனை கிராமங்களை எரித்தும் பூரண பலன் கிட்டவில்லை. ஆகவே கடற்கரையில் அவருக்கு ஒரு சிநேகிதர் தேவைப்பட்டார். அவ்வாறு வாய்த்தவர்கள் டச்சுக்காரர்கள். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்து, 1690 முதல் பழவேற்காட்டுக்குப் பதிலாக அதையே சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமை ஸ்தானமாக வைத்திருந்த அவர்கள், அங்கே ஐங்கோண வடிவில் கோட்டை கட்டி, அதற்கு ‘ஐம்புலன்’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டியிருந்தார்கள்.

ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் மூண்ட யுத்தத்தின் காரணம் நம் மண்ணில் இல்லை. கலகம் செய்துகொண்டிருந்த அமெரிக்கர்களோடு டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்ததைப் பொறாத பிரிட்டன், 1780 டிசம்பரில் போர் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில் மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களுடைய சின்ட் யுஸ்டேஷியஸைக் கைப்பற்றிக்கொண்டது. ஜூனில் கவர்னர் மெக்கார்ட்னி போர் மூண்ட செய்தியோடு சென்னையில் வந்திறங்க, சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் சீக்கிரமே ஆங்கிலேயர் வசமாயின. நாகப்பட்டினத்து டச்சு கவர்னர் வான் விலிசிங்கன் ஹைதரோடு உடன்படிக்கை செய்துகொண்டது இதன் பிறகுதான்.

நாகையைப் பிடிக்கும் யோசனையை அயர் கூட் விரும்பவில்லை. அதனால், முந்திய ஆண்டு காஞ்சிபுரத்தில் தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கிய அபகீர்த்தியைச் சுமந்தபடி தாயகம் திரும்பக் காத்திருந்த ஹெக்டர் மன்றோவிடம் மெக்கார்ட்னி அப்பொறுப்பை ஒப்படைத்தார். அக்டோபர் 21 அன்று அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களிலிருந்து கடற்படையினர் நாகூர்க் கரையில் இறங்கினார்கள். தஞ்சையிலிருந்து வந்த படையும் சேர்ந்துகொண்டது. அதுவோ ஐப்பசி மாதம். நாகைக் கடல் எந்த நேரம் சீறும் என்று சொல்லமுடியாத பருவம். அலை புரளும் அந்தக் கரையில் கப்பல் பீரங்கிகளை இறக்கி, கோட்டை வரை இழுத்துச் சென்றதில் மாலுமிகளின் பங்கு பெரிது. முற்றுகையிட்டவர்களைவிட உள்ளே இருந்தவர்களே, ஹைதரின் ஆட்களையும் சேர்த்து, தொகையில் அதிகம்; ஆனாலும் வெளி அரண்கள் ஓர் இரவுத் தாக்குதலில் விழுந்தன. கோட்டையிலிருந்து இரண்டு முறை வெளிப்பாய்ந்து தாக்கியும் பயன் விளையவில்லை. நவம்பர் 12இல் கோட்டை பணிந்தது. தொகை பெரிதாயிருந்தும் தோற்றதற்கு டச்சுக்காரரின் கோழைத்தனத்தைக் காரணம் சொல்வது சுலபம். அவர்களுக்கு உதவிக் கப்பல் ஒன்றும் வரவில்லை என்பதே முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

கோட்டை விழுந்த பிறகும் புயலும் மழையும் ஹியூஸை அங்கேயே நிறுத்திவைத்தன. 1782 ஜனவரி 2ஆம் தேதிதான் புறப்பட முடிந்தது. 11ஆம் தேதி திருகோணமலையை டச்சுக்காரரிடமிருந்து பறித்தார். ஹைதர் எதிர்பார்த்திருந்த பிரெஞ்சுக் கப்பற்படை, மகா சமர்த்தரான சஃப்ரேனின் தலைமையில், அதன் பிறகே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. நாகையை மீட்க அவர் வந்தபோது, ஜூலை 6இல் ஹியூஸ் எதிர்ப்பட்டார். சண்டையின் நடுவே காற்றுத் திசைமாறி இரு தரப்பு வரிசைகளையும் கலைத்தது. நாகை மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே தங்கிவிட்டது. அம்மாத இறுதியில் கடலூரில் ஹைதரைச் சந்தித்த சஃப்ரேன், ஆகஸ்டு முடிவில் திருகோணமலையைக் கைப்பற்றினார். டிசம்பரில் ஹைதர் இறந்தார். 1784 உடன்படிக்கைப்படி டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை நிரந்தரமாக இழந்தார்கள். திருகோணமலை அவர்களுக்கே திரும்பிற்று.

கடல் கைவிட்டுப் போனதன் விலையை மலைநாடு பின்னர் கொடுத்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் ஹைதரின் மகன் திப்புவிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்ச் சேர, அதன் நிலங்களை அளந்து தீர்வை விதிக்கக் கேப்டன் ரீடின் உதவியாளராக வந்தவர், 1780இல் பயிற்சி நிலை அதிகாரியாகச் சென்னையில் வந்திறங்கி ஹைதருக்கு எதிரான யுத்தத்தில் பழகிய தாமஸ் மன்றோ. நாகையைப் பிடித்த ஹெக்டர் மன்றோவோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. தாமஸ் மன்றோ வசித்த தருமபுரியிலேயே அவர் நினைவாக ஒரு தூண் நிற்கிறது.