வீட்டிலேயே பிச்சிக்கன்று உண்டாக்குதல்

(சங்கரன்கோவிலில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் வசூலைப் பற்றியே பேச வந்திருக்கிறேன் என்று எண்ணி, பின்வரிசையில் சிலர் எழுந்து போக ஆயத்தமாயிருப்பது தெரிகிறது. இன்று பேசப்போவது பூச்செடியைப் பற்றி, ஆகையால் உட்காரலாம். கடனும் இடையில் வரத்தான் செய்யும்.

சில வருஷங்களுக்கு முன் கொடைக்கானலில், பந்துபோல் திரண்டு நீலமாய்ப் பூத்திருந்த ஹைட்ராஞ்சியாச் செடியைக் கண்டு மோகித்து, நாலு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டில் நட்டேன். அது ஜப்பான் தேசத்துச் செடி. குளிர்ச்சியும் ஓயாத ஈரமும் வேண்டுவது. புளிப்புள்ள மலைமண்ணில் நீலமாயும், சுண்ணாம்புள்ள மண்ணில் இளஞ்சிவப்பாயும் பூக்கும் என்பது விந்தை. குச்சிகள் வேர்விட்டன, ஆனால் பங்குனி வெயிலில் நாலும் கருகின. செடி போயினும், அதற்காகக் கற்ற முறை வீண்போகவில்லை. அதே முறையில் பிச்சிக் குச்சிகளை நட்டேன். அவை இன்றும் முற்றத்தில் பூக்கின்றன.

ஆடித்தபசுக்கும், மலையாள நாட்டு ஓணத்துக்கும் நமது பூ மார்க்கெட்டில் விலை ஏறுவதைக் கண்டு, பூச்செடி வைக்கப் பலர் ஆசைப்படுகிறீர்கள். நான் அறிந்த ஓர் அங்கத்தினர் கடன் வாங்கி, வெளியூரிலிருந்து லாரியில் கன்று தருவித்துச் சித்திரையில் நட்டார். பாதிக்குமேல் பட்டுப்போயிற்று. பிழைத்தவை பூத்தபோது, அவர் கேட்ட ஜாதியல்ல என்று தெரிந்தது. தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது. விலைக்கு வாங்குவதே தவறென்று சொல்லவில்லை. இராமேசுவரத்துக்கு அருகே தங்கச்சிமடத்தில் மல்லிகைக் கன்று வளர்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் மணலில் செய்வதும் குச்சி நடுவதேயன்றி வேறு மந்திரம் அல்ல.

குச்சியில் வரும் கன்று தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். நல்லதாயினும் கெட்டதாயினும் அவ்வாறே. ஆகையால் அதிகமாய் மொக்கு எடுக்கும் செடியை இப்போதே அடையாளம் கட்டி வையுங்கள். இலை வெளிறி, குட்டையாய்ச் சோர்ந்த செடியைத் தொட வேண்டாம்.

தை மாதக் கவாத்தில் விழும் குச்சி ஏராளமாய்க் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது வேர்பிடித்து வரும்போது கோடை வந்துவிடும். ஆனி, ஆடியில் நட்டால் மூன்று நாலு மாதத்தில் தயாராகி, ஐப்பசி மழைக்கு நிலத்தில் இறங்கும். ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், சுவரின் மறைவிலோ வேப்பமர நிழலிலோ தொட்டியை வையுங்கள்.

மொக்கில்லாத, மிக இளசும் முற்றலுமல்லாத கிளையில், மூன்று கணுவுள்ள அரையடிக் குச்சியைக் காலையில் வெட்டுங்கள். கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழிலைகளை நீக்கி, மேலே ஒரு ஜோடி மட்டும் விடலாம். கரிசல்மண் தண்ணீரைக் கட்டி வைத்துக் குச்சியை அழுகச் செய்யும், ஆற்றுமணலே உத்தமம். தொட்டியின் துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டு வைத்து மணல் நிரப்பி, ஒரு கணுவேனும் புதையுமாறு நட்டு, காலை மாலை தெளித்து வாருங்கள். மணல் ஈரமாயிருக்க வேண்டும், சேறாகக் கூடாது.

துளிர் கண்டதும் வேர் வந்துவிட்டதென்று பிடுங்கிப் பார்ப்பது பெருந்தவறு. தண்டில் சேர்ந்திருக்கும் சத்தைக்கொண்டே குச்சி முதலில் துளிர்க்கும். என் வீட்டில் இப்படிப் பிடுங்கிய பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டேன்.

ஒரே செடி உள்ளவர்கள் பதியம் போடலாம்: தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவின் அடியில் இலேசாய்க் கீறி, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்தால் போதும். வேர்விட்ட பின்னரே தாயிடமிருந்து அறுக்க வேண்டும்.

பிச்சிக்குச் செடிக்குச் செடி ஒன்றரை மீட்டரும், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டரும் விட்டால், ஏக்கருக்குச் சுமார் 1,350 கன்று பிடிக்கும். பத்து சென்ட் வைப்பவருக்கு 135 போதும்; சேதத்தை எண்ணி 200 குச்சி நடலாம். இதற்கு எந்த மனுவும் ஜாமீனும் வேண்டியதில்லை. நல்ல செடி உள்ள அங்கத்தினர் ஐந்து பேர் குச்சி கொடுக்க இசைந்தால், அவர்கள் பெயரைச் சங்கக் காரியதரிசி எழுதிக்கொள்வார்.

ஒரு தொட்டியும், மணலும், இன்று காலை வெட்டிய குச்சிகளும் கொண்டுவந்திருக்கிறேன். தாய்மார்கள் முன்னால் வந்து தங்கள் கையாலேயே நட்டுப் பார்க்கலாம்.